இரண்டாவது பிரேக்

"பாஆஆம்!"

பின்னால் வந்த லாரியின் ஹாரன் முதுகில் அறைந்ததுபோல் விழ, அவள் எப்போதும்போல ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கார் குலுங்கி, நடுத்தெருவில் அணைந்துபோனது.

"ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கறதா? முதல்ல ஸ்டியரிங்கைப் பிடி," என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணன். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். அவன் கோபப்படாததே அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

லாரிக்காரன் ஒதுங்கிக் கடக்கும்போது தலையை நீட்டினான். "ஏம்மா, ரோட்டை விலைக்கு வாங்கிட்டியா?"

"வாங்கியாச்சு! நீதான் வாடகை கொடுக்காம ஓட்டறே!" என்று அண்ணன் பதிலுக்குக் கத்தினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பார்த்தியா? எனக்கு வராதுண்ணா. விட்டுடு."

"வராதுன்னு யார் சொன்னது?"

"யார் சொல்லலை? நான் தொட்டா பம்பரம்கூட சுத்தாதுன்னு அப்பா சொல்வார். கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவர். அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் துப்பில்லையாம். இத்தனை பேர் தப்பாவா சொல்லுவாங்க?"

"உன் புருஷன் உன்னை அறையவும்தான் செஞ்சான். அதுவும் சரிதானா?"

அவள் சாவியைத் திருகினாள்.

ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கணவன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். பாஸானால் மருந்துக் கம்பெனியில் டெலிவரி வண்டி ஓட்டும் வேலை காத்திருக்கிறது. ஃபெயிலானால் பையைத் தூக்கிக்கொண்டு கணவன் வீட்டுக்கே போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அண்ணனுக்கு எத்தனை நாள் பாரமாக இருப்பது? போன மழைக்காலத்திலிருந்து அவனும் புதிதாக யாரையும் பயிற்சிக்குச் சேர்ப்பதில்லை. கேட்டால், "அலுத்துப்போச்சு" என்பான்.

"கிளம்பு. வழக்கம்போல சொல்லிக்கிட்டே ஓட்டு," என்றான்.

அவன் கற்றுக்கொடுக்கும் முறை அது. ரோட்டில் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ பேசிக்கொண்டே இருந்தால் பயத்துக்குப் பேச இடம் கிடைக்காது என்பான்.

"இடது பக்கம் சைக்கிள். தாண்டியாச்சு. எதிர்ல பஸ், தள்ளித்தான் வருது. சிக்னல்... சிவப்பு. நிறுத்திட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை" என்றாள்.

"அப்புறம் ஏன் நிக்கறே? நல்லாப் பழுக்கட்டும்னா?"

இந்த முறை அவள் சிரித்துவிட்டாள். கார் திக்காமல் கிளம்பியது. கியர் தானாக விழுந்ததுபோல் விழுந்தது. கடைத்தெரு முடிந்து, கிடங்குகள் வரிசையாக நின்ற நீளச் சாலை வந்தது. மேகம் மூடிக்கிடந்த பகல். ஆள் நடமாட்டமே இல்லை.

"உன் கால் அந்த பிரேக் மேல இருக்கற தைரியத்துலதான் ஓட்டறேன்," என்றாள். பயிற்சிக் கார் என்பதால் அண்ணன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. "நீ மிதிச்சு மிதிச்சுத்தான் நான் இத்தனை நாள் உயிரோட இருக்கேன். நாளைக்கு உன் இடத்துல ஆபீசர் உட்கார்ந்திருப்பார். அவர் மிதிச்சா நான் ஃபெயில்."

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "ரோட்டைச் சொல்லு."

"ரோடு காலி. வலது பக்கம் சுவர். இடது பக்கம் ஒரு கேட், திறந்திருக்கு. அதுக்கப்புறம்..."

அந்த கேட்டுக்குள்ளிருந்து ஒரு லாரி, ஹாரன்கூட அடிக்காமல், பின்பக்கமாகச் சாலைக்குள் பாய்ந்தது.

அவளுக்குக் குரல் வரவில்லை. டயர்கள் அலறின. முன்கண்ணாடி முழுக்க லாரியின் பின்கதவு நிறைந்தது. கார் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது.

லாரி எதையும் கவனிக்காமல் திரும்பிப் போயே விட்டது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீ மிதிச்சே. இல்லேன்னா இன்னிக்கு..."

"நான் மிதிக்கலை."

"எனக்குத் தைரியம் வரணும்னு சும்மா சொல்லாதே."

"குனிஞ்சு பாரு."

பார்த்தாள். அவன் கால்கள் இருக்கைக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. பிரேக்கை அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது அவளுடைய கால்தான்.

ஒரு கணம் அவள் உடம்பெல்லாம் லேசானது. அடுத்த கணம் கோபம் பொங்கியது.

"ஏன் மிதிக்கலை? விளையாட்டா இது? அவ்வளவு பெருசா நேரா வருது, நீ கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே! எனக்கு ஒரு நொடி தடுமாறியிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம். எந்த நம்பிக்கையில அப்படி உட்கார்ந்திருந்தே?"

"உன்னை நம்பித்தான். நீ முதல் நாள் வண்டியைத் தொட்டதுலேருந்து உன்னை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா, இந்த வீட்டுக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு நீ அன்னிக்கே அவன்கிட்ட போயிருப்பே."

"எதைச் சொல்லியிருந்தா?"

அண்ணன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நேரா வந்தது பஸ்ஸா, லாரியாம்மா? போன மழைக்காலத்துலேருந்து எனக்குக் கண்ணு முன்னாடி இருக்கறது எதுவுமே தெரியறதில்லை."