கடல் நத்தையின் ஞாபகம்

அலெக்சாண்டிரியாவின் கடலோர ஆய்வகத்தில் டாக்டர் வக்தி தன் தொட்டியைக் காட்டினார். ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருடம் தொடருமா என்பது, பார்வையிட வந்த பேராசிரியை இஹ்ஸான் கையில் இருந்தது.

“தண்ணிக்குள்ளயே ஒரு குழாய் இந்த நத்தை மேல நீரைப் பீய்ச்சும், மேடம். முதல் தடவை செவுளைச் சட்டுனு சுருக்கிக்கும். திரும்பத் திரும்ப அடிச்சா நரம்பு செல் அனுப்புற சேதி குறைஞ்சுடும், அப்புறம் கண்டுக்காது. போன வாரம் பழக்கினோம். இப்பப் பாருங்க!”

பொத்தானைப் பத்து முறை அழுத்தினார். நத்தை அசையவில்லை.

“ஒரு வாரமா ஞாபகம் வச்சிருக்கு!” என்று பூரித்துப்போனார்.

“அது சரி, பீப் பீப்புனு என்ன சத்தம்?” என்று கேட்டார் இஹ்ஸான்.

“சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

உதவியாளர் நெர்மின் உற்றுக் கேட்டாள். குனிந்து குழாயைப் பார்த்தாள்.

“டாக்டர், நம்ம பம்ப்பு! அடைச்சுக்கிட்டா அப்படித்தான் கத்தும். காலையிலேர்ந்து கத்துது போல. குழாயில தண்ணியே வரல!”

அடைப்பை எடுத்துப் பொத்தானை அழுத்தியதும் நத்தை சட்டென்று சுருங்கியது.

வக்தி தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டார்.

“எழுதிக்கோங்க, மேடம். பரிசோதனை வெற்றிதான். ஆனா பழகினது நத்தை இல்ல, நாங்க ரெண்டு பேரும்.”

இஹ்ஸான் பேனாவைத் திறந்தார்.

“ரெண்டு வருஷம் தர்றேன். தொட்டிக்கு வெளிய இருக்கறதுகளையும் சேர்த்து ஆராயுங்க.”