முப்பத்தொன்றாவது ஆள்

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்குச் சொன்ன மூன்றாவது ஆள் அவள்.

முதலில் சொன்னவரின் கழுத்தில் முழ நீளத்துக்கு ஒரு கேமரா தொங்கியது. இரண்டாவதாகச் சொன்ன இளைஞனிடம், "அப்பா பேரு என்ன?" என்று கேட்டதும் அவன் கூட வந்த நண்பனின் முகத்தைப் பார்த்தான். இருவரிடமும் பேரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, 'இடமில்லாமல் திரும்பியவர்கள்' பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள் சரணாலயச் சாவடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த கறாரக்கா. பேரே அதுதான் என்கிற அளவுக்கு அந்தப் பட்டம் அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சரணாலயத்துக்கு உள்ளே இருக்கும் கிராமத்தில் ஒரு இரவுக்கு முப்பது வெளியாட்கள்தான் தங்கலாம். அங்கே இருப்பது ஒரே ஒரு ஊற்று. மனிதர்கள் குடித்து மீந்ததைத்தான் மான்களும் குடிக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு வீட்டுக்கு வீடு விருந்தினர் அறை கட்டினார்கள். முப்பதுக்கு மேல் வந்தவர்களையெல்லாம் சித்தப்பா, மச்சான், ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதி உள்ளே விட்டார்கள். ஊற்று சேறாகிப்போனது, வனத்துறை பாதையையே ஒரு வருடம் மூடிவிட்டது. ஊரே பிழைப்பில்லாமல் கிடந்தது.

இன்னொரு தடவை எண்ணிக்கை மீறினால் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று எச்சரித்துத்தான் மறுபடி திறந்தார்கள். ஊர் கூடி, குடியிருப்போர் பட்டியலில் பேர் இல்லாதவர்கள் எல்லாரும் வெளியாள்தான், உறவு பேசக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. முகதாட்சண்யம் பார்க்காத ஆளாகத் தேடி, கறாரக்காவை ஜன்னலில் உட்கார வைத்தது.

முப்பதாவது ஆள் மூன்று மணிக்கே உள்ளே போயாயிற்று.

"இடம் இல்ல," என்றாள் கறாரக்கா, நிமிராமலே.

"ஒரு ராத்திரி போதும். பாத்துட்டுக் காலைல கெளம்பிடுவேன்." அந்தப் பெண் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது.

"எல்லாரும் ஒரு ராத்திரிதான் கேக்கறாங்க."

உள்ளே போனவர்களில் யாராவது திரும்பி வந்தால் அந்த இடம் கிடைக்குமா என்று இன்னும் நின்றிருந்த கேமராக்காரர், "நான் விட்ட அதே கதைதானா? புதுசா யோசிச்சிருக்கலாமேம்மா!" என்றார். வரிசை சிரித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு யாருமே சொல்லல. பக்கத்து வீட்டுலேர்ந்து போன் பண்ணித்தான் தெரிஞ்சுது. ரெண்டு பஸ் மாறி ஓடி வரேன்."

"முன்னாடியே பதிவு பண்ணிருக்கணும்."

"உடம்புக்கு முடியாமப் போறதை முன்கூட்டியே பதிவு பண்ணுவாங்களா?"

தடுப்புக் கட்டை பக்கத்தில் நின்ற காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து பத்தே நாள் ஆனவர். கறாரக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"போன வாரம் அக்காவுக்குப் பிரசவம்னு ஒருத்தன் வந்தான். நெஜமாவே பிரசவந்தான். அவனையும் திருப்பித்தான் அனுப்பினேன். இன்னிக்கு உன்னை விட்டா, நாளைக்கு அவன் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி என்னைக் கேப்பான். அவனை விட்டா அடுத்தவன் கேப்பான். அப்புறம் பழையபடி சேத்தைத்தான் குடிக்கணும்."

"எனக்கும் அது தெரியும்."

"தெரிஞ்சா சரி. புதன்கிழமை ஒரு இடம் இருக்கு. எழுதிக்கவா?"

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

கறாரக்கா பதிவேட்டை இழுத்து அடுத்த வரியில் பேரை எழுதினாள், நேரத்தை எழுதினாள், காரணத்தை எழுதினாள். ஸ்கேலை வைத்து அடியில் ஒரு கோடு போட்டு, ஜன்னல் வழியாகத் திருப்பி வைத்தாள்.

"கையெழுத்துப் போடு. நாலரை பஸ்ஸை விட்டா வேற கிடையாது."

அந்தப் பெண் வரியை ஒரு தடவை படித்தாள். "எழுத்து மட்டும் எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு துணிப்பையை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

"ஸ்வெட்டர் இருக்கு. இதுக்கும் பதிவு பண்ணணுமா?"

"வேணாம். போய்ச் சேந்துடும்."

பஸ் வளைவில் மறையும்வரை அவள் பின் கண்ணாடி வழியாகச் சாவடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் சிரிப்பை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. அவரும் தன் காரைத் தேடிப் போனார்.

கறாரக்கா மறுநாளைக்கான சீட்டுகளில் முத்திரை குத்த ஆரம்பித்தாள். ஐந்தாறு சீட்டு குத்திய பிறகுதான் மையில் தொடாமலே குத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

காவலருக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் அருகே வந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நானும் பத்து நாளா எத்தனையோ புளுகைக் கேட்டாச்சு. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தா பொய் மாதிரி தெரியல. அவங்க அப்பாவுக்கு நெஜமாவே முடியலையான்னு உள்ள போன் போட்டு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்."

கறாரக்கா ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"விசாரிக்க என்ன இருக்கு? அவர் என் வீட்டுக்காரர்."