சாவி போன எழுத்துப்பெட்டி

காலைத் தேநீர் குடித்துக்கொண்டே என் கணவர் ஆம்ப்ரோஸ் ஏதோ எழுதி, தன் பழைய எழுத்துப்பெட்டிக்குள் வைத்து மூடினார். மதியம் இறந்துபோனார். கடிகாரச் சங்கிலியோடு புதைத்தோம். பெட்டிச் சாவி அதில்தான் தொங்கியது.

அவருடைய கடைசி எழுத்தைப் படிக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

“அண்ணி, உயில் பெட்டிக்குள்ளதான் இருக்கு. லண்டன்லருந்து பூட்டுக்காரர் வர்ற வரைக்கும் யாரும் விரல்கூட வைக்கக்கூடாது!” என்றாள் நாத்தனார் லவினியா.

“நீயுந்தான்” என்றான் கொழுந்தன் செட்ரிக்.

ஒன்பது நாள் மாறி மாறிக் காவலிருந்தார்கள்.

பூட்டுக்காரர் வந்து ஒரு விரலால் மூடியைத் தூக்கினார். திறந்துகொண்டது.

“பூட்டியிருக்கான்னு யாருமே பாக்கலையாம்மா?”

உள்ளே எனக்கு எழுதிய ஒரே சீட்டு: “ஹெஸ்டர், பெட்டி பூட்ட மாட்டேன் என்கிறது. பூட்டுக்காரரை வரச்சொல்.”

உயில் இல்லையென்றதும் இருவரும் மாலை ரயிலைப் பிடித்தார்கள்.

சீட்டை அதிலேயே வைத்திருக்கிறேன். பூட்டைச் சரிசெய்யச் சொல்லவில்லை; அது இன்னும் விழுவதில்லை.