நோரீன் கொண்டுவரும் புட்டிங்

கிளெமென்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தார். இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினார். ஒரு நொடி குன்றுபோல நின்ற புட்டிங், பக்கவாட்டில் பிளந்து, சாறும் பழமுமாகத் தட்டு முழுக்கச் சரிந்தது.

“நாசமாப் போச்சு!” கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வீசினார். “ரெண்டாவது தடவை, நோரீன்! நீ சொன்னபடிதானே செஞ்சேன்?”

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். “பிரெட்டு சரியில்லையோ என்னமோ.”

“புதுசா, மெத்துமெத்துன்னு இருக்கிறதா பார்த்து வாங்குன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ஒருவேளை பழசாத்தான் இருக்கணுமோ?”

“என்னையா கேக்கறே?” கிளெமென்ட்டின் முகம் தட்டிலிருந்த ராஸ்பெர்ரியைவிடச் சிவந்தது.

மறுநாள் சர்ச்சில் கோடை விழா. ஹெரிஃபோர்ட்ஷையரின் அந்தச் சின்ன ஊரில் கேக்குகளும் ஜாம்களும் மேஜை நிறைய இருக்கும். ஆனாலும் நோரீன் கொண்டுவரும் புட்டிங்குக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும். வெள்ளை தெரியாமல் பழச்சாறு ஊறிய ரொட்டி, வெட்டினால் உள்ளே ஜில்லென்று பெர்ரிப் பழங்கள். பக்கத்தில் நின்று பரிமாறுவது கிளெமென்ட்டின் பெருமை.

போன வாரம் படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டபோது, “இந்த வருஷம் புட்டிங் இல்லேன்னு பாதிரியார்கிட்ட சொல்லிடு” என்றாள் நோரீன். அத்தனை வலியிலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

கிளெமென்ட் கேட்கவில்லை. “கைதானே ஒடிஞ்சுது, வாய் நல்லாத்தானே இருக்கு? நீ சொல்லு, நான் செய்யறேன்” என்று சொல்லிவிட்டு, நேரே பாதிரியாரிடம் போய் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது விழா அறிவிப்புப் பலகையில் முதல் வரியே அந்தப் புட்டிங்தான்.

“சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டா ‘கொஞ்சம்’ங்கறே. பழத்தை எவ்வளவு நேரம் அடுப்புல வைக்கணும்னு கேட்டா ‘பார்த்து எடு’ங்கறே. எதைப் பார்த்து எடுக்கறது?”

“கத்தாதே, கிளெம். கடையில ஒரு கேக் வாங்கிட்டுப் போயிடலாம்.”

“கடை கேக்கா! அதுக்கு நான் ஊரைவிட்டே ஓடிடலாம்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இரு, ஹெஸ்டரைக் கேட்டுட்டு வரேன்.”

நோரீன் துள்ளி எழுந்தாள். “அங்க மட்டும் போகாதே!”

“வேற யாரைக் கேக்கறது? மத்தவங்களைக் கேட்டா ஊர் பூரா சிரிக்கும். அவ யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டா.”

பக்கத்து வீட்டு ஹெஸ்டர் இவர்களோடு பேசி ஒரு வருடமாகிறது. போன விழாவில் அவள் இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, எல்லார் முன்னாலும் கிளெமென்ட் வாயை விட்டுவிட்டார். “ஒரு பண்டம் செஞ்சு கொண்டுவர மாட்டீங்க, சாப்பிட மட்டும் முதல் ஆளா? என் பொண்டாட்டிகிட்ட சமையல் கத்துக்கக் கூடாதா?” ஹெஸ்டர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவள்தான்.

வேலிக்கு அப்பால் அவள் குனிந்து செடியிலிருந்து சிவப்பு ரெட்கரண்ட் பெர்ரிகளைப் பறித்துக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

“ஹெஸ்டர், போன வருஷம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சுடுங்க.”

அவள் நிமிர்ந்தாள். “அதைச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சாக்கும்?”

“ஆயிடுச்சு. அப்புறம்...” தொப்பியைக் கசக்கினார். “நோரீனுக்குக் கை முடியலை. நான் புட்டிங் பண்ணா ஒடஞ்சு ஒடஞ்சு போகுது. பிரெட்டு புதுசா இருக்கணுமா, பழசா இருக்கணுமா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

ஹெஸ்டர் அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“என்னையா கேக்கறீங்க? உங்க பொண்டாட்டிகிட்ட நானில்ல கத்துக்கணும்!”

கிளெமென்ட் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். கதவை அறைந்து சாத்தியதில் அலமாரிக் கோப்பைகள் அதிர்ந்தன.

“போதுமா? கூசிக்கிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டேன். புட்டிங்னு சொன்னதும் அப்படி ஒரு சிரிப்பு! நம்மளை மதிக்கிற லட்சணம் அதுதான். இனி அந்த வேலிப்பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!”

நோரீன் அவர் கத்தியதை எல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. “நிஜமாவே மன்னிப்புக் கேட்டியா?” என்றாள்.

“கேட்டுத் தொலைச்சேன். அதுக்கென்ன இப்ப?”

“சிரிச்சாளா? கோபப்படலையே?”

“சிரிச்சான்னுதானே சொல்றேன்!”

நோரீன் ஒரு பெருமூச்சு விட்டாள். இடது கையாலேயே தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போறே?”

“ஹெஸ்டர் வீட்டுக்கு. இப்பக் கேட்டா நாளைக்குள்ள ஒண்ணு செஞ்சு கொடுத்துடுவா.”

“அவளா? அவளுக்கு என்ன தெரியும்?”

நோரீன் கதவருகே நின்று திரும்பினாள்.

“இத்தனை வருஷமும் செஞ்சது அவதான், கிளெம்.”