சேரங்கோட்டில் ஒரு சுதந்திர தினம்

கூடலூர் மலையில், சிலோனிலிருந்து திரும்பிய தமிழர்கள் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டின் பள்ளி மைதானத்தில் கொடியேற்றம் முடிந்து, மழை சற்றே ஓய்ந்திருக்கிறது. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் அதிகாரிகளின் உரை வேண்டாம், எஸ்டேட் மக்களே தங்கள் கதையைச் சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்திருப்பவர் ஆசிரியை ஃபாயிஸா. கொழுந்து பறிக்கும் பாப்பா முதலில் மைக்கைப் பிடிக்கிறாள். "சிலோன்ல எங்கள இந்தியாக்காரங்கன்னு கப்பல் ஏத்துனாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. ஆனாலும் இந்த நாடுதான் எங்களுக்கு வேலையும் லயத்துல ஒரு ஊடும் குடுத்துச்சு. எங்கப்பா காட்ட வெட்டித்தான் இந்தத் தேயிலைய நட்டாரு." கூட்டம் கைதட்டுகிறது. அடுத்து வெள்ளச்சி. இந்த மலையின் பழங்குடியான பணியர் இனத்தைச் சேர்ந்தவள். பாப்பாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவள். நீட்டிய மைக்கை அவள் வாங்கவில்லை. பாப்பாவைப் பார்த்து மட்டும் பேசுகிறாள்.

"அந்தக் காட்டுலதான் எங்க குடியிருப்பு இருந்தது, பாப்பா. மரத்த வெட்டினதும் நாங்க ஆத்துப் பக்கம் எறங்கிட்டோம்."

குரலில் கோபம் இல்லை. கூட்டத்துக்கு மிட்டாய்த் தட்டை நீட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிடுகிறார். பாப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறாள்.

"இத்தன வருசம் ஒண்ணாத்தானே கொழுந்து கிள்ளுறோம். ஏன் புள்ள சொல்லல?"

"நீ கேக்கல."

"இப்பக் கேக்குறேன். எந்தப் பக்கம்?"

வெள்ளச்சி கையை உயர்த்துகிறாள். அவள் காட்டும் எதிர்ச் சரிவில் மஞ்சு மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. தேசிய கீதத்தைத் தொடங்க வாயெடுத்த ஃபாயிஸா நிறுத்திக்கொள்கிறார். மைதானம் முழுவதும் கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீராக வெட்டிய தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இப்போது இல்லாத அந்தக் குடியிருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது.