ஒரு விரற்கடை முடி

கொடியேற்றம் முடிந்ததும் வாத்தியார் பிம்சாயை வரிசையிலிருந்து இழுத்து, பள்ளிக்கூடமே பார்க்க அவள் முடியை ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டிவிட்டார். பள்ளிக்கூட விதிப்படி பெண்களின் முடி காதைத் தாண்டக் கூடாது; அவளுடையது ஒரு விரற்கடை வளர்ந்ததுதான் குற்றம். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாமென்று அந்தப் பெண் கொசுவலைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"நீங்க வந்து கேளுங்க மாமா. நான் கேட்டா எடுபடாது. உங்க வார்த்தைக்குத்தான் அந்த ஆளு அடங்குவாரு," என்றாள் அவளுடைய தாய் வன்னா.

பக்கத்து வீட்டுத் தோங்சுக் கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "உசிரு குடியிருக்கிற இடம்னு பெத்தவங்களே தொட யோசிக்கிற தலை. அதுல கத்திரி வைக்கிறானா? படிச்ச பயலுகளை நம்பவே கூடாது."

வழியில் நூடுல்ஸ் கடைக்காரி சிரித்தாள். "கேக்கப் போனவங்க எல்லாம் வாத்தியாரைக் கும்பிட்டுட்டுத்தான் திரும்பி வந்தாங்க."

"அவன் என்னைக் கும்பிடுவான், பாரு."

அப்படியேதான் நடந்தது. கிழவரைக் கண்டதும் வாத்தியார் எழுந்து, தலை தாழ்த்திக் கும்பிட்டார். கிழவர் மசியவில்லை.

"வயசுக்கு வந்த பொண்ணை நாலு பேர் முன்னால இப்படிக் கேவலப்படுத்த உனக்கு யாருடா சொல்லிக்கொடுத்தா?"

வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் ஏதோ சொன்னார்.  கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் காத்திருந்த வன்னா ஓடி வந்தாள். "உங்க மகன் என்ன சொன்னாரு மாமா?"

"சின்னதுல ஒருநாள் சந்தை நடுவுல நிறுத்தி, அவன் கதறக் கதறப் பாதித் தலையைச் சிரைச்சு விட்டேன். அதைச் சொன்னான்."

வன்னா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஊரே சிரிச்சுது," என்றார் கிழவர். "நானுந்தான் சிரிச்சேன்."