ஸ்பெயின் பார்ட்டி

"இந்தப் புள்ள எனக்குக் குழி பறிக்குதுலே" என்றார் காளிராஜ், கரி மூட்டைகளின் மேல் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தபடியே.

எடை போடும் நல்லகண்ணு ஆபீஸ் ஜன்னலை எட்டிப் பார்த்தான். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் கணக்கு எழுதும் ஃபாயிஸா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ ஓதுது போல முதலாளி."

"ஓதுற பிள்ளைக்கு எதுக்குலே இடையில இடையில சிரிப்பு?"

சீமைக்கருவேலங்கரியை ஸ்பெயினுக்கு அனுப்புகிற தொழில் காளிராஜுக்கு. அங்கே சரக்கு வாங்கும் ஒரே ஒரு பார்ட்டியை நம்பித்தான் குடும்பம், கார், பந்தா எல்லாம். போனால் அவ்வளவுதான். மூட்டை நனைந்தால் எடை கூடும். ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்று தன் மனசாட்சிக்கு எப்போதோ சமாதானம் சொல்லிவிட்டார்.

குழாயை நல்லகண்ணுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"என்னம்மா படிக்க?"

"ஸ்பானிஷ் அண்ணாச்சி. சும்மாதான்."

அந்தச் 'சும்மா' அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"எங்க, கொஞ்சம் சொல்லு."

"இப்ப எதிர்காலம் படிக்கேன். ரொம்ப லேசு அண்ணாச்சி. 'என்வியர்'னா அனுப்புறது. அத அப்படியே முழுசா வச்சிக்கிட்டு வாலை மட்டும் ஒட்டணும். என்வியரே, அனுப்புவேன். என்வியராஸ், அனுப்புவ. என்வியரா, அனுப்புவாரு."

"விக்கிறதுக்கு?"

"வெந்தெர். வாலு அதேதான். வெந்தெரே, விப்பேன். வெந்தெரேமோஸ், நாங்க விப்போம்."

'நாங்க'ன்னா யாரு யாரு? காளிராஜுக்குச் சந்தேகம் முற்றியது.

முற்றாதா பின்னே? அவரே ஒரு காலத்தில் இன்னொரு கரி முதலாளியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சும்மா என்று சொல்லித்தான் தொழில் படித்தார். படித்து முடித்ததும் முதலாளியின் பார்ட்டியைக் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் ஃபாயிஸா போனில் யாரோ வெள்ளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். திக்கித் திக்கி, ஆனால் விடாமல், அதே ஸ்பானிஷில். நடுவில் 'காளிராஜ்' என்று தன் பெயர் காதில் விழுந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் ஓடும் குழாயை மூட்டை மேலேயே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். பின்னாலேயே நல்லகண்ணுவும் வந்து நின்றான்.

அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

"யாரு அது?"

"நம்ம ஸ்பெயின் பார்ட்டிதான் அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாம என் பார்ட்டிகிட்ட உனக்கென்ன பேச்சு?"

அவள் நல்லகண்ணுவைப் பார்த்தாள். "ஆளு இருக்காக. அப்புறமாச் சொல்றேன் அண்ணாச்சி."

"அவன் முன்னாடியே சொல்லு! திருட்டுத்தனம் நாலு பேருக்குத் தெரியட்டும்."

ஃபாயிஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன லோடுல தண்ணி ஊத்தியிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாக. காளிராஜ் சரக்கு இனி வேண்டாம், நீயே கரி வாங்கி அனுப்பு, ஆர்டரை உனக்கே தாரேன்னு எங்கிட்ட கேட்டாக."

நல்லகண்ணு வாயைப் பிளந்தான். காளிராஜ் மேசையருகே வந்தார்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வேண்டாம், எங்க அண்ணாச்சியே காய்ஞ்ச சரக்கா அனுப்புவாகன்னு போன்லயே மொழிபெயர்த்து மெசேஜ் போட்டேன். மிஷின் சொல்றதை நம்ப மாட்டேன், நீ உன் வாயால சொல்லுன்னுட்டாரு. அதுக்குத்தான் அண்ணாச்சி உக்காந்து படிச்சேன். இப்பத்தான் தப்பில்லாமச் சொல்லி முடிச்சேன். 'நோ மொஹரா'."

"அப்படின்னா?"

"நனைக்க மாட்டாருன்னு. எங்க அண்ணாச்சி இனிமே ஒரு மூட்டையும் நனைக்க மாட்டாகன்னு சத்தியம் பண்ணேன். சரி, உனக்காக நம்புறேன்னுட்டாரு."

காளிராஜுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெளியே மூட்டைகளின் மேல் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏலே நல்லகண்ணு" என்றார். "ஓடிப்போயி மோட்டாரை நிறுத்துலே."